தப்பான பொத்தான்

அருவங்காட்டில் வெடிமருந்து செய்கிறோம்.
கேட்டில் தினமும் தடவிப் பார்ப்பார்கள்,
சட்டைப்பையில் தீப்பெட்டி இருக்கிறதா என்று.
ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு வரும் நஞ்சனை மட்டும்
நாக்கோடு உள்ளே விட்டுவிடுகிறார்கள்.

குன்னூர் ஏலக்கூடத்தில் தேயிலை ருசி பார்ப்பவர்.
காலையில் முந்நூறு கோப்பை.
ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி, ஒரு உறிஞ்சல்,
ஒரு துப்பல், ஒரு சொல்.
விழுங்கினால் அன்றைய நாக்கு போச்சு என்பாராம்.
அதே வாயோடு சாயங்காலம்
மூன்றாம் வரிசை ஓர நாற்காலியில் குடையை மாட்டிவிட்டு
எங்களைப் பார்க்க உட்காருவார்.
"பேரிலேயே இருக்கிறதே, வேறென்ன வரும்?"
என்பார் டைரக்டர் குலசேகரன், லேத் பிரிவு.
அவர்கள் ஹட்டியில் பாதிப் பேருக்கு அதே பேர்.
சாமி பேர். குலசேகரனுக்கும் தெரியும்.

நாலு பக்கப் பத்திரிகை, வியாழக்கிழமை வரும்.
முதல் வருஷம் என்னைப் பற்றி:
"மூன்றாம் காட்சியில் இறந்தவர்
நான்காம் காட்சி முடியும்வரை நன்றாக மூச்சு விட்டார்.
உடல்நலத்துக்கு வாழ்த்துகள்."
கேன்டீனில் ஒரு மாதம் எனக்குப் பிணம் என்று பேர்.
ராத்திரி கட்டிலில் செத்துச் செத்துப் பழகினேன்.
மனைவி விளக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள்.
அடுத்த வருஷம் திரை விழுந்தபிறகும்
என்னை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.
அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை மனிதர்.
ஒழுங்காகச் செத்தால் செய்தியில்லை.

பிறகு அந்த ஜனவரி.
வெளியே உறைபனி. கதவிடுக்கில் மஞ்சு
டிக்கெட் இல்லாமல் நுழைந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.
மகன் லாரியில் அடிபட்டதாகத் தந்தி வரும்,
நான் கதற வேண்டும், வசனம் ஒன்றரைப் பக்கம்.
விரல் விறைத்துப்போய்
ஸ்வெட்டர் பொத்தான் தப்பான துளைக்குள் போய்விட்டது.
கழற்றி மாட்டினேன். மறுபடியும் தப்பு.
அந்தப் போராட்டத்தில் வசனம் மறந்தே போனது.
வியாழக்கிழமை:
"அந்தத் தப்பான பொத்தானுக்காகவே டிக்கெட் வாங்கலாம்."

வெட்டி எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு,
கடிகாரத்துக்குக் கீழே மாட்டினேன்.
மணி பார்ப்பவர்கள் எல்லாரும் படித்தார்கள்.

டாக்டராக வந்தேன், கோட்டுப் பொத்தான்.
கொள்ளைக்காரனாக வந்தேன்,
போலீஸ் துப்பாக்கியைத் தூக்கியதும் பொத்தான்.
ராஜா வேஷத்துக்கு
வெலிங்டன் தையல்காரர் ஜமாலிடம் கெஞ்சி
அங்கியில் ஐந்து வைத்துத் தைத்தேன்.
கைதட்டினார்கள். விசில்கூட வந்தது.
நஞ்சன் குடையை எடுத்துக்கொண்டு பாதியில் எழுந்து போனார்.

"தவறு என்னுடையது" என்று எழுதினார்.
"ஆறு வருஷம் முன்னால் ஒரு வரி எழுதிவிட்டேன்.
அன்றுமுதல் இவர் பாத்திரத்தை நடிப்பதில்லை,
என் வரியை நடிக்கிறார்.
அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்."

திட்டு நிறைய வாங்கியிருக்கிறேன்.
பாராட்டைக் கைமாற்றுக் கடன்போல
நாலு பேர் முன்னால் திருப்பிக் கேட்டவர்
இவர் ஒருவர்தான்.
டீக்கடையில் வர்க்கி மடித்துத் தந்த தாளிலும் அதே பத்தி.
எண்ணெய் பட்டு எழுத்து இன்னும் நன்றாகத் தெரிந்தது.
சட்டத்தை இறக்கினேன்.
மணி பார்ப்பவர்கள் இப்போது மணிதான் பார்க்கிறார்கள்.

அடுத்த நாடகத்தில் வெறும் போர்வை கேட்டேன்.
பொத்தானில்லாத உடம்பு.
மகள் வீட்டைவிட்டுப் போகிற காட்சி.
கைகளுக்குப் போக்கிடம் இல்லை,
யாரோ மறந்துவிட்டுப் போன இரண்டு குடைகள்போலத் தொங்கின.
கெத்திப் பக்கம் ரயில் ஊதியது.
அது ஓய்கிறவரை பேசவில்லை.
ஓய்ந்த பிறகும் வாயில் எதுவும் வரவில்லை. நின்றேன்.
மூன்றாம் வரிசை ஓரத்தில்
தொண்டை அசைந்ததா,
விழுங்கினாரா,
மேடை விளக்கு கண்ணில் அடித்ததில் தெரியவில்லை.

அந்த வியாழக்கிழமை பத்திரிகை வாங்கவில்லை.
ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும்
"ஸ்வெட்டர் ஏன் கோணலா இருக்கு?" என்றாள்.
குளிர், என்றேன்.